இரண்டு விரற்கடைக் குறைவு

இடது கை பத்தவில்லை. தங்கபுஷ்பம் அதை எடுத்து ஸ்வெட்டரின் தோளோடு சேர்த்து வைத்து, கக்கத்தில் ஒரு குண்டூசியும் உச்சியில் ஒரு குண்டூசியும் குத்தி நிறுத்திப் பார்த்தாள். பத்தவில்லை. எடுத்துத் திருப்பி வைத்தாள், திருப்பி வைத்தால் மட்டும் வளர்ந்துவிடுமா என்ன. வலது கையைக் காலையிலேயே தைத்து முடித்தாகிவிட்டது, அது கைக்குழியில் போய் உட்கார்ந்த அழகைப் பார்த்து ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று வாய்விட்டே சொல்லியிருந்தாள். இப்போது அதே நூல், அதே ஊசி, அதே கண்ணிக் கணக்கு, ஆனால் இடது கை இரண்டு விரற்கடை குட்டையாக, சுற்றளவிலும் ஒடுங்கி, வேறு யார் வீட்டுப் பிள்ளைக்கோ பின்னியது போல மடியில் கிடக்கிறது. நாளைக் காலையில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ராஜசிங் வந்து இறங்குகிறான். குடியை விடுவதற்காகக் கீழே சமவெளியில் ஓர் இல்லத்தில் மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டு வருகிற மகன். இறங்கியதும் குன்னூர்க் குளிர் அவன் மேல் படுவதற்கு முன்னால் இதை மாட்டிவிட வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் உட்கார்ந்து பின்னியது. அதற்கும் முன்னால், இன்று சாயங்காலம், மருமகள் பிரிசில்லா போன் பண்ணுவாள், அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதை நினைத்ததும் கை நின்றுவிட்டது. முதலில் கண்ணியை எண்ணிப் பார்ப்போம், எங்கேயாவது ஒன்றிரண்டு நழுவியிருக்கும், நழுவியிருந்தால் நல்லது, நழுவின கண்ணி என்றால் கண்ணுக்குத் தெரிகிற தப்பு, திருத்திவிடலாம். எண்ணினாள். எண்ணும்போதே ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த அவள் புருசன் பொன்னையா ரேடியோவை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தார், தேயிலை ஃபாக்டரி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது, எண்ணிக்கை குழம்பி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். சரியாக இருந்தது. மூன்றாம் தடவையும் எண்ணினாள். ஒரு கண்ணி கூடக் குறையவில்லை. அப்படியென்றால் கை எப்படிச் சுருங்கியது. தண்ணீர்கூடப் படவில்லையே.

கை சுருங்கவில்லை, உன் கைதான் இறுகியிருக்கிறது என்று உள்ளே ஒன்று சொன்னது. அதைக் கேட்காதவள் போல உல்லன் உருண்டையை எடுத்துச் சுற்றினாள். அவளுக்குத் தெரியாதா. ஸ்வெட்டர் பின்னுகிற எவளுக்கும் தெரியும், கோபத்தில் பின்னினால் கண்ணி இறுகும், தூக்கக் கலக்கத்தில் பின்னினால் தளரும், பேசிக்கொண்டே பின்னினால் ஓர் இடம் இறுகி ஓர் இடம் தொங்கும். அதனால்தான் இரண்டு கைகளையும் அவள் எப்போதும் ஒரே ஊசியில் ஏற்றி, இரண்டு உருண்டை நூலை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு, இந்தக் கையில் ஒரு வரி அந்தக் கையில் ஒரு வரி என்று சேர்த்தே கொண்டுபோவாள். மனசு எப்படி இருந்தாலும் இரண்டு கைக்கும் பங்கு சமமாகப் போய்விடும், கோணலாக இருந்தாலும் இரண்டும் ஒரே கோணல். சர்ச்சின் பெண்கள் ஐக்கியத்தில் புதிதாகப் பின்ன வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். அப்படிப்பட்டவள் இந்தத் தடவை மட்டும் ஒரு கையைத் தனியாக முடித்தாள். ஆசைதான் காரணம். இல்லத்தில் பார்வையாளர் ஞாயிறு வருகிறது, ஒரு கையையாவது கொண்டுபோய் அவன் கையில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும், இந்த ஒரு சட்டையாவது அளவெடுத்தது போல அவனுக்கு நிற்க வேண்டும் என்று ஆசை. மாட்டிப் பார்த்தாள். இல்லத்து வேப்பமரத்தடி பெஞ்சில் அவன் வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டினான், அந்த வெயிலில் உல்லன் கையை மாட்டியதும் மற்ற பையன்கள் சிரித்தார்கள், அண்ணனுக்கு ஒரு கைக்கு மட்டும் குளிருதாம் என்று ஒருவன் சொன்னான், ராஜசிங்கும் சிரித்தான். சிரித்தபோது பல் வெள்ளையாகத் தெரிந்தது. மணிக்கட்டுக்குச் சரியாக வந்து நின்றது, முழங்கையில் மடங்கிய இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அன்று அவன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள், கை தலையிலிருந்து தோளுக்கு இறங்கியது, ஜெபம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க விரல்கள் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தன. ஆமென் சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆண்டவரே மன்னியும், ஆனாலும் அளவு மறந்துபோய்விடக் கூடாதே. ஒல்லியாகிவிட்டான். தோளெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. பழைய அளவுக்குப் பின்னியிருந்தால் கோட் ஸ்டாண்டில் மாட்டியது மாதிரி தொங்கியிருக்கும்.

பழைய அளவு என்று எது இருந்தது. சென்னையில் இருக்கிற மகள் எப்சிபா போன மாதம் போனில் குத்திக் காட்டினாள், நீ எங்க ரெண்டு பேருக்கும் வரப்போற வருசத்துக்குத்தான் பின்னினே, இந்த வருசத்துக்கு எப்பம்மா பின்னினே என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொல் உள்ளே போய்த் தைத்துவிட்டது. வளருகிற பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பெரிதாகவே பின்னினாள், கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கும், பள்ளிக்கூடத்தில் எப்சிபாவைச் சோளக்கொல்லைப் பொம்மை என்று கூப்பிட்டார்களாம், கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, அடுத்த வருசம் பாரு எப்படி நிக்கும்னு, என்று இவள் அனுப்பிவைப்பாள், அடுத்த வருசம் வருவதற்குள் முழங்கை தேய்ந்து நூல் விட்டிருக்கும். யாரும் ஒரு நாளாவது அளவான ஸ்வெட்டர் போட்டதில்லை அந்த வீட்டில். பொன்னையாவுக்குப் பின்னியது மட்டும் சரியாக இருந்தது, அவரோ எம்மேல அளவு எடுக்காதே, நான் வருசா வருசம் சுருங்கிட்டு வாறேன், வேணும்னா பாதியோட நிறுத்திக்கோ, மிச்சத்தைச் சுருங்கினப்புறம் பாத்துக்கலாம் என்பார். ராஜசிங்குக்குக் கல்யாணமான வருசம் பழுப்பு நிறத்தில் ஒன்று பின்னிக் கொடுத்தாள், அதுவும் பெரிசு, குடும்பஸ்தன் ஆயிட்டான் இனி உடம்பு போடுவான் என்று. அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை ஒரு நாள் கீழ் மார்க்கெட்டில் வேறு ஓர் ஆள் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். விளிம்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தான் போட்ட பார்டர் தனக்குத் தெரியாதா. ஒரு பாட்டிலுக்குக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை, கறிவேப்பிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆளுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தாள். அந்த ஆளுக்கு அது அவ்வளவு நன்றாக நின்றது. தோள் அகலம், நெஞ்சு, கை எல்லாம் பிடித்துவைத்தது போல. யாருக்கோ அளவெடுத்து யாருக்கோ பின்னியது மாதிரி. பாவி, பார்த்துக்கொண்டே நடந்தேனே, அந்த ஆள் திரும்பி என்னம்மா வேணும் என்று கேட்டான், ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

டீ இல்லையா என்று பொன்னையா கேட்டார். டீ போட எழுந்தாள், முட்டி வலித்தது, ஸ்வெட்டரை நாற்காலியில் வைத்தாள், ஒரு கையோடு அது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வெளியே மூடுபனி இறங்கி எதிர் லயன் வீட்டுக் கூரையை மறைத்துவிட்டது. பால் பொங்குகிறது, அடுப்பைக் குறைக்க வேண்டும், பிரிசில்லா பள்ளிக்கூட வேலை முடிந்து கோத்தகிரிக்கு வீடு வந்து பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டுத்தான் போன் எடுப்பாள், இன்னும் நேரம் இருக்கிறது. பிரிசில்லா நல்ல பெண். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பிள்ளை கெசியாவைக் கூப்பிட்டு வருகிறேன் என்று போன ராஜசிங் எங்கேயோ விழுந்து கிடக்க, பள்ளிக்கூட வாசலில் பிள்ளை மழையில் இருட்டுகிற வரைக்கும் வாட்ச்மேனோடு நின்றிருந்தது, மறுநாளே பிரிசில்லா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை, தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து வாறேன் அத்தை என்றாள். அவ்வளவுதான். நேற்றுப் போனிலும் சத்தம் போடவில்லை. டாக்டர் சொல்றது எனக்கு வேண்டாம் அத்தை, சர்ச் ஐயரு சொல்றதும் வேண்டாம், உங்க மகன் சொல்றது சுத்தமா வேண்டாம். அவரு குடியை விட்டுட்டாருன்னு நீங்க நம்புறீங்களா, அதை மட்டும் சொல்லுங்க. நீங்க நம்பினா நான் பிள்ளையைக் கூட்டிட்டு வாறேன். அப்படிக் கேட்டாள். நம்புறேம்மா என்று அந்த நிமிசமே சொல்லியிருக்க வேண்டியதுதானே. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று சாட்சியே சொன்னாள், என் மகனை ஆண்டவர் விடுவிச்சுட்டார், நான் அவனை அவர் கையில விட்டுட்டேன், இப்ப எனக்குப் பாரமே இல்லை என்று. எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிரிசில்லாவிடம் மட்டும் ஏன், ஜெபம் பண்ணிட்டு நாளைக்குச் சொல்றேம்மா என்றாள். ஜெபம் பண்ணாமலா சாட்சி சொன்னாய். டீ ஆறுகிறது. பொன்னையாவிடம் கொடுத்தாள், அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி போடலை என்றார், போட்டிருந்தாள், இரண்டு தடவை போட்டிருக்கிறோமோ என்று பயந்து மூன்றாவதாகப் போடாமல் விட்டது, இல்லை, ஒரு தடவைகூடப் போடவில்லை போலிருக்கிறது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சரி, பார்ப்போம், கொஞ்சம் ஈரத் துணி போட்டு இழுத்து விட்டால் ஒரு விரற்கடை கொடுக்கும், உல்லன் கொடுக்கும், ஒரு விரற்கடை கொடுக்கும், மிச்சம் ஒரு விரற்கடையை யார் பார்க்கப்போகிறார்கள். அவன் பார்ப்பான். கையை நீட்டும்போது இடது மணிக்கட்டு மட்டும் வெளியே தெரியும். ராஜசிங் ஒன்றும் சொல்லமாட்டான், குடிக்காதபோது அவனைப் போல ஒரு சாது உண்டா, இழுத்து இழுத்துவிட்டுக்கொள்வான். அவள் இடது கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனாள். மணிக்கட்டுப் பார்டர் ஒழுங்காகத்தான் இருந்தது, மெத்தென்று, வலது கை போலவே. அதைத் தாண்டி நாலு விரல் வரைக்கும்கூட. அங்கேதான் மாறியது. அதற்கப்புறம் கண்ணியெல்லாம் கல் மாதிரி, விரல் நுனி உள்ளே போகாத மாதிரி, வரிசை வரிசையாக இறுகிக்கொண்டே போகிறது. அந்த இடத்தில் கை நின்றது. எந்த நாள் என்று யோசிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பார்டர் முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது, ராத்திரி இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், இல்லத்து வார்டன் போன் பண்ணினார். அம்மா பதறாதீங்க, ராஜசிங் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல காணோம், சாயங்காலம் தானாவே வந்துட்டாரு, ஊதச் சொல்லிப் பாத்தோம், வாசனை ஒண்ணுமில்லை, எங்க போனீங்கன்னு கேட்டா ரோடு வரைக்கும் நடந்துட்டு வந்தேன்றாரு, உங்களுக்கு ஒரு தகவல் சொல்லணுமில்லையா அதான். சரிங்க தம்பி, ஸ்தோத்திரம் என்று சொல்லிப் போனை வைத்தாள். பொன்னையா யாரது என்று கேட்டார், ஸ்வெட்டர் விசயமா ஐக்கியத்துல இருந்து என்றாள். எப்சிபாவிடம் சொல்லவில்லை. ஐயரிடம் சொல்லவில்லை. ஜெபத்திலும் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது, அவருக்குத் தெரியாததா என்று சொல்லாமலே விட்டுவிட்டாள். வாசனை இல்லையே, தானாகத்தானே வந்தான், ரோடு வரைக்கும் நடக்கக்கூடாதா ஒரு மனுசன். நடக்கலாம். ரோட்டில் என்ன கடை இருக்கிறது என்று மட்டும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊசியை எடுத்தாள், பின்னினாள். பின்னும்போது வாய் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது, பாட்டுக்கூடப் பாடினாள், நல்ல நினைவு. வாய் பாடிக்கொண்டிருந்தபோது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று இதோ வரி வரியாகக் கிடக்கிறது. நூலை ஒவ்வொரு கண்ணிக்கும் இழுத்துப் பிடித்திருக்கிறது, விட்டால் ஓடிவிடும் என்பது போல. ஆண்டவர் கையில் விட்டேன் என்றாயே, எங்கே விட்டாய். ஒரு கண்ணியைக்கூட விடவில்லையே.

பயமாக இருந்தது. சாட்சி சொன்னது பொய்யா. பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, சொன்னபோது உண்மையாகத்தான் இருந்தது, சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்றும் இருந்தது. விசுவாசம் என்றால் அதுதான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள், இல்லாததை இருக்கிறதாகச் சொல்லிச் சொல்லி வரவழைப்பது, ஒரு சுற்றுப் பெரிதாகப் பின்னிப் போட்டுவிட்டுப் பிள்ளை அதற்குள் வளரட்டும் என்று காத்திருப்பது. இப்போது பிரிசில்லாவுக்கும் அதையே மாட்டிவிடப் பார்க்கிறோமோ. நம்புறேம்மா, வா என்றால் அவள் வந்துவிடுவாள், அத்தை சொன்னார்கள் என்று வந்துவிடுவாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாள், கெசியா அப்பா அப்பா என்று அவன் தோளில் ஏறும். அதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். அதற்காக ஒரு வார்த்தைதானே. பிறகு மறுபடியும் பள்ளிக்கூட வாசலில் பிள்ளை நின்றால். யார் சொல்லி வந்தாய் என்று பிரிசில்லாவின் அம்மா கேட்டால், அத்தை சொன்னாங்க என்று அவள் சொல்வாள், அப்போதும் சத்தம் போடமாட்டாள். சொல்லாவிட்டாலோ. பெற்ற தாயே நம்பவில்லை என்றால் அவன் யாரை நம்பி மலை ஏறுவான். வந்து இறங்குகிறவன் வெறும் வீட்டைப் பார்த்தால் அன்றைக்கே கால் எங்கே இழுக்கும். இப்படிப் போனாலும் அங்கேதான் முடிகிறது, அப்படிப் போனாலும் அங்கேதான் முடிகிறது, நான் என்ன செய்வேன் ஆண்டவரே, களைப்பாக இருக்கிறது, எனக்கு இந்த நூலைப் பிரிக்கக்கூடத் தெம்பில்லை. குண்டூசிகளைப் பிடுங்கினாள். உச்சி முடிச்சை அவிழ்த்து நூல் நுனியை இழுத்தாள். பிரிய மாட்டேன் என்றது முதல் வரி, அப்புறம் பிரிந்தது, ஒவ்வொரு வரியும் நெளிநெளியாக மடியில் வந்து விழுந்தது. என்ன பின்னினதைப் பிரிக்கிறே என்றார் பொன்னையா. கை சரியா வரலை என்றாள். நாளைக்கு வந்துருவானே, எப்ப முடிப்பே என்றார். முடியாதுங்க, நாளைக்கு முடியாது என்று அவர் காதோரம் குனிந்து சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகு ஏனோ மூச்சு கொஞ்சம் இறங்கியது. அப்போது போன் அடித்தது.

சொல்லுங்க அத்தை என்றாள் பிரிசில்லா. பின்னால் கெசியா ஏதோ பாட்டை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் மெதுவா, பாட்டிகிட்டப் பேசுறேன் என்று அவள் அதட்டியது கேட்டது. தங்கபுஷ்பம் காலையிலிருந்து வாயில் வைத்திருந்த வார்த்தையைச் சொல்லப் போனாள், வேறு வந்தது. இடையில ஒரு நாள் அவனைக் காணோம்மா என்றாள். வார்டன் போன் பண்ணியதை, ரோடு வரைக்கும் நடந்தேன் என்று அவன் சொன்னதை, வாசனை இல்லை என்றதை, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பின்னால் கெசியாவின் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"சாட்சி சொன்னப்போ இது ஞாபகம் வரலையாக்கும்" என்றாள் பிரிசில்லா. கோத்தகிரி வரைக்கும் அது போயிருக்கிறது.

"வரலை. வரவிடாமப் பிடிச்சு வச்சிருந்தேன். எனக்குப் பயமா இருக்கு பிரிசில்லா. அவன் மேல ஆசை இருக்கு, நம்பிக்கை இருக்கான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. என்னை நம்பிப் பிள்ளையைக் கூட்டிட்டு வராதே."

சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளைக்கு எதிராகப் பேசிவிட்டோமோ. இனி இவள் போனை வைத்துவிடுவாள், வைத்தால் சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரிசில்லா வைக்கவில்லை. நாளைக்கு எந்த பஸ் என்று கேட்டாள். காலையில் முதலில் வருகிற மேட்டுப்பாளையம் பஸ் என்று சொன்னாள். பிள்ளையைக் கூட்டி வரமாட்டேன், வீட்டுக்கும் வரமாட்டேன் என்றாள் பிரிசில்லா. பஸ் ஸ்டாண்டில் எதிர்ப் பக்கம் அந்த பேக்கரி ஓரத்தில் நின்று, அவர் எப்படி இறங்குகிறார், இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறார் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவேன், நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம், நீங்களும் சொல்லக்கூடாது. வேறு நாளாக இருந்தால் தங்கபுஷ்பம் கெஞ்சியிருப்பாள், அதெப்படிம்மா, புருசனை ஒளிஞ்சு நின்னு பாக்குறது என்றிருப்பாள். களைப்பில் கெஞ்சலும் வரவில்லை.

"தனியா நிக்காதே. நானும் உங்கூடவே நிக்கிறேன்" என்றாள்.

"நீங்களா. பஸ் நிக்கிறதுக்கு முன்னாடி ஓடிப் போய்ப் பையை வாங்குற ஆளு நீங்க."

"ஓடமாட்டேன்."

"ஓடுவீங்க அத்தை. எனக்குத் தெரியாதா."

தங்கபுஷ்பம் யோசித்துப் பார்த்தாள். பஸ் வளைவு திரும்பி வரும், படியில் அவன் கால் தெரியும், அந்த மெலிந்த தோள் தெரியும். மடியில் நெளிந்து கிடந்த நூலுக்குள் விரல்கள் தாமாகவே ஏதோ தேடிக்கொண்டிருந்தன.

"அப்படி ஓடப் பாத்தா, நீ எங் கையைப் பிடிச்சுக்கோ" என்றாள்.